ஆறுக்கு நாலு

அஜ்மான் சனையாவில் பதினோராம் நம்பர் கிடங்கு.
மிட்டாய் உருகக் கூடாது என்பதால்
எனக்கும் ஏசி.
ஜூலையில் வெளியே தார் இளகும்போது
உள்ளே பதினெட்டு டிகிரி. குறை சொல்ல முடியாது.

வேலை இதுதான்:
கப்பலில் வந்த பாக்கெட்டைக் குப்புறப் போடு,
முதுகில் அரபி ஸ்டிக்கரை வை,
கட்டை விரலால் ஒரே இழுப்பு, காற்றுக் குமிழ் நிற்காமல்.
ஷிப்டுக்கு மூவாயிரத்து இருநூறு.
கரடி, புழு, உதடு, பல்செட்டு
எல்லா உருவத்திலும் மிட்டாய் உண்டு.
சிவப்பு என்றால் இங்கே ஏழு சிவப்பு.

மூலை நசுங்கியதை வியாழக்கிழமை
கிலோ மூன்று திர்ஹத்துக்குத் தருவார்கள்.
நாலு கிலோ வாங்குவேன்.
பால் பவுடர் டின்னுக்கும் போர்வைக்கும் நடுவே
ஒரு சந்து விடாமல் கார்கோ பெட்டியில் திணிப்பேன்.
ஜெயங்கொண்டத்தில் பெட்டி பிரிகிற இரவு
தர்ஷித் போனுக்குள் நாக்கை நீட்டுவான்.
நீலம்.
அதற்கு அவன் வைத்த பெயர் அப்பா கலர்.

ஆகஸ்டில் சுகந்தி வாய்ஸ் அனுப்பினாள்.
பெஞ்சில் உட்காருவதில்லையாம்.
பென்சிலைக் கடித்துத் துப்புகிறானாம்.
ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலைச் சுற்றி ஓடுகிறானாம்.
மிஸ் சொன்னது: சேட்டை.
பக்கத்து வீட்டில் சொன்னது: கண்ணு.
டாக்டர் மட்டும் கேட்டாராம்,
என்ன தின்கிறான்?
அங்கே நிறுத்திவிட்டாள்.
மீதி இருபது விநாடியும் மின்விசிறிச் சத்தம்.

அன்று எண்ணூற்றுச் சொச்சமாவது பாக்கெட்டில்
கை நின்றது.
ஆறு வருடமாய்ப் பார்த்த முதுகு. படித்ததில்லை.
இ 102. இ 129. இ 133.
எங்கள் கேம்ப்பில் கட்டில்களுக்கு இப்படி நம்பர் போட்டிருக்கும்.
அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி.
பத்தாவது ஃபெயில் நான். ஆனாலும் இரண்டு சொல் பிடிபட்டது.
ஆக்டிவிட்டி: தர்ஷித் பள்ளியில் அதற்குத் தனியாக ஃபீஸ் கட்டுகிறேன்.
அட்டென்ஷன்: ட்ரில் மாஸ்டர் விசிலோடு கத்துவது.
அவற்றுக்கு முன்னால் கிடந்த சொல்தான் இடித்தது.

மணிலாக்காரன் ரோமெல் வாங்கிப் பார்த்தான்.
பச்சா... மாஃபி ஜைன், என்றான்.
நிச்சயமா?
தோளைக் குலுக்கினான்.
"மே" என்று போட்டிருக்கிறது.
செய்யலாம். செய்யாமலும் போகலாம்.
எல்லாப் பிள்ளைக்கும் இல்லை, சில பிள்ளைக்கு.
டாக்டரும் அதையேதான் சொன்னாராம், அடுத்த வாய்ஸில்:
கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்,
அடங்கினால் அதுவாக இருக்கலாம். அடங்காவிட்டால் வேறு தேடுவோம்.

செய்யக்கூடும்.
அந்தக் கூடும் மேல்தான்
ஆறுக்கு நாலு சென்டிமீட்டரில்
தினமும் மூவாயிரத்து இருநூறு முறை
என் கட்டை விரல்.

மறுநாளும் வேலைக்குப் போனேன். போகாமல்?
ஸ்டிக்கரை இரண்டு நூல் மேலே ஏற்றி ஒட்டினேன்.
வரி வெளியே தெரிந்தது.
எட்டு அட்டைப்பெட்டி நிரம்பிய பிறகு சூப்பர்வைசர் பிஜு வந்து
ஒன்றை எடுத்து உள்ளங்கையால் தடவினான்.
கோணல் இல்லை. குமிழ் இல்லை.
பார்கோடு மறையுது, கீழே இறக்கு, என்றான்.
இறக்கினேன்.

அந்த எட்டுப் பெட்டியும் ராஸ் அல் கைமாவுக்குப் போயின.
எந்தக் கடை, எந்தப் பிள்ளை, தெரியாது.
பாக்கெட்டை யாராவது திருப்பிப் பார்ப்பார்களா,
ஆறு வருடம் நானே பார்க்கவில்லை.

இந்த முறை சந்துகளில்
காலுறை, ஒரு டார்ச், இருபத்து நாலு க்ரேயான்.
க்ரேயான் டப்பாவை மட்டும் கடையிலேயே நின்று
நாலு பக்கமும் படித்தேன்.

நேற்று தர்ஷித் நாக்கை நீட்டினான்.
பழக்கத்தில் நீட்டியிருப்பான்.
வெறும் நாக்கு. அவனுக்கே பிடிக்கவில்லை.
ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் போனைத் தரையில் போட்டுவிட்டு
எங்கேயோ ஓடிவிட்டான்.
திரை முழுக்க
சுற்றிக்கொண்டிருந்தது மின்விசிறி.